பிற குறிப்புகள்

எழுபத்திரண்டு படிகள். லிஃப்ட் இல்லை.
நான்கு மாடிவரை மனிதர்கள் நடந்தே ஏறுவார்கள் என்று
அறுபது வருஷம் முன்னால் ஒரு பொறியாளர்,
அநேகமாக இளைஞர்,
முடிவு செய்திருக்கிறார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு மடக்கு நாற்காலி.
கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி,
உட்காருமிடத்தில் பச்சைக் கம்பளி உறை.
உட்கார்ந்தேன்.
எனக்கு நாற்பத்து நான்கு வயது.
கதான்ஸ்க் நகராட்சி, முதியோர் வீட்டுவசதிப் பிரிவு.
மூச்சு வாங்குவது என் பணி விவரத்தில் இல்லை.

லெயோகாதியா கதவைத் திறந்தார்.
மடிப்புக் கலையாத நீலச் சட்டை, உதட்டுச் சாயம்,
மேசையில் அப்போதுதான் இறக்கிய பாலாடைக் கேக்.
வாசலிலேயே ஒன்பது மதிப்பெண் போயிற்று.

தானே உடுத்துகிறாரா? தானே சமைக்கிறாரா?
வந்தவரை அடையாளம் தெரிகிறதா?
என் படிவம் ஒரு தலைகீழ்ப் பரீட்சை.
தோற்கத் தெரிந்தவர்தான் தேறுவார்.
தரைத்தள வீட்டுக்கு ஐம்பது வேண்டும்.

"படி ஏற முடிகிறதா?"
"முடிகிறது."
"எவ்வளவு நேரம் ஆகும்?"
"சூடாக ரொட்டி வாங்கினால்
வீடு வருவதற்குள் ஆறிவிடும்."
ஆறிய ரொட்டிக்குக் கட்டம் இல்லை.
'முடிகிறது' என்பதற்கு இருக்கிறது.

மற்ற வழிகளைச் சொன்னேன்.
எல்ப்லாங்கில் ஒரு காப்பகம், அறைக்கு இரண்டு பேர்,
இரண்டு பேருக்கும் ஒரே அலமாரி.
வாரத்துக்கு மூன்று மணி நேரம் உதவியாள்.
குளியலறையில் பிடிகம்பி இலவசம்,
சுவரில் துளை போடுகிறவருக்கு மட்டும் நீங்கள் தரவேண்டும்.
அண்ணன் மகள் பிட்கோஷ்சில் இருப்பதாகக் கோப்பு சொல்கிறதே?
"இருக்கிறாள். அவளுக்கும் நான்காம் மாடி."

ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள்
கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.
அவற்றில் ஒன்றை ஓட்டியவர் அவர்.
இதையெல்லாம் விட்டு இறங்க மனம் வருமா என்று கேட்டுவைத்தேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

"முப்பத்தோரு வருஷம் தம்பி,
மேலேயிருந்தே பார்த்தேன்.
தொப்பி. ஹெல்மெட். வழுக்கை.
கட்டிக்கொண்டவரையே தலை வகிட்டை வைத்துத்தான்
முதலில் தெரிந்தது.
அவர் மூக்கு கோணல் என்பது
நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் உறைத்தது.
கீழே ஒரு வீடு கொடுங்கள்.
குப்பைத் தொட்டிப் பக்கம் என்றாலும் சரி.
குப்பை போட வருகிறவர்களின் முகமாவது தெரியும்."

பேனாவை மூடிவிட்டுச் சொன்னேன்,
சொல்லக்கூடாதுதான்:
அடுத்த முறை கேக் வேண்டாம்.
பழைய அங்கியிலேயே இருங்கள்.
கேட்டதும் பளிச்சென்று பதில் சொல்லாதீர்கள்,
கொஞ்சம் யோசியுங்கள்.

"எழுபத்திரண்டு படி ஏறி வந்தவனுக்கு
வெறும் தேநீரா கொடுப்பது?"

கூட்டினேன். நாற்பத்தொன்று.
தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி கூட்டினேன்.
நாற்பத்தொன்றுதான்.

படிவத்தின் கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று
ஐந்து கோடுகள் உண்டு. யாரும் நிரப்புவதில்லை.
எழுதினேன்:
திருப்பங்களில் நாற்காலிகள், மூன்று.
அண்டை வீட்டார் வைத்தவை.
ஒன்றில் அதிகாரியும் அமர்ந்தார்.

மேலிருந்து சிவப்பு மையில் திரும்பி வந்தது:
இப்பகுதிக்கு மதிப்பெண் கிடையாது.
காத்திருப்போர் பட்டியலில் மட்டும் சேர்க்கவும்.

நவம்பரில் கடிதம் போயிற்று.
வரிசை எண் இருநூற்றுப் பதினான்கு.
மறுநாளே போன்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"இருநூற்றுப் பதினான்கு என்றால்
மேலேயிருந்து எண்ணியா, கீழேயிருந்தா?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன்.
"மேலேயிருந்து."

"சரி. அப்படியென்றால்
இறங்க ஆரம்பித்தாயிற்று."

மூச்சு இரைத்தது அவருக்கு.
பின்னால் சங்கிலி உரசும் சத்தம்.
இரண்டாம் மாடியாக இருக்கும்.